கருங்காலியின் கறுப்பு: ஸ்னோ வைட்டாக நிற்கப்போகும் வாசகிக்கு

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். வயது 21. பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இன்ஸ்டகிராமில் என் படங்களைப் பார்த்த ஒரு புகைப்படக்காரர், மாற்றாந்தாய் தந்த நச்சு ஆப்பிளைத் தின்னும், பனிபோல் வெளுத்த இளவரசி ‘ஸ்னோ வைட்’டின் கதையைப் புதிதாகச் சொல்லும் படத்தொகுப்புக்கு மாடலாக வரச் சொல்கிறார். காலையில் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில், பிற்பகலில் ஸ்டுடியோவில். பணம் கிடையாது, படங்கள் தருவாராம். இடுப்பை நாடாவால் இறுக்கும் கோர்செட் உடைக்கு வாடகை 120 வெள்ளியை நான் போடவேண்டுமாம். நான் நல்ல கறுப்பு. மேக்கப் போடும் அக்கா, “இரண்டு ஷேடு ஏற்றிப் போட்டால் ஸ்னோ வைட் மாதிரியே இருப்பாய்” என்கிறார். எனக்கு அது உறுத்துகிறது. அம்மா போகவே வேண்டாம் என்கிறார். நான் இதுவரை மாடலாக நின்றதில்லை. எதையெல்லாம் தெரிந்துகொண்டு போகவேண்டும்?

பதில்:

உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உறுத்தல் சரியானது. அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றைப் பேசி, கேட்டு, மாற்றிக்கொள்ளலாம். இது ஒன்று தவறினால் படம் முழுக்கக் கெட்டுவிடும்.

இரண்டு ஷேடு ஏற்றிய ஃபவுண்டேஷன் முகத்தில் மட்டும்தான் நிற்கும். காது, கழுத்து, கை எல்லாம் உங்கள் நிறத்திலேயே இருக்கும். மற்ற படங்களில் கழுத்துவரை இழுத்துத் தடவிச் சமாளிக்கிறார்கள். இந்தக் கதையில் அப்படிச் சமாளிக்க முடியாது. ஆப்பிளைப் பிடித்த கை முகத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளித்தான் இருக்கப்போகிறது. முகம் ஒரு நிறமும் விரல் ஒரு நிறமுமாக ஒரே படத்தில் அக்கம்பக்கமாக விழும். சரி, கைக்கும் பூசலாம் என்றால் ஆப்பிளில் ஒட்டும், உடையில் ஒட்டும். தவிர, வெளிர் ஃபவுண்டேஷன்களில் டைட்டானியம் டைஆக்ஸைடு அதிகம். அந்த வெள்ளைத் தூள் கறுத்த மேனியில் படிந்தால் வெளுப்பாகத் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி தெரியும். நம் ஈரப்பதத்தில் ஒரு மணி நேரம் வியர்த்தால் மூக்கோரத்திலும் மேலுதட்டிலும் கரைந்து உள்நிறம் திட்டுத் திட்டாக எட்டிப்பார்க்கும்.

மேக்கப் அக்காவிடம் இப்படிக் கேளுங்கள்: நிறத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல், தாடைக்குக் கீழேயும் காறை எலும்பின் மேலும் வைத்துப் பொருத்த வேண்டும். பொருத்தியதும் 15 நிமிடம் விட்டு, சன்னல் வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பல ஃபவுண்டேஷன்கள் காற்றுப்பட்டதும் ஒரு படி இருண்டுவிடும். நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் கன்னத்தைவிடக் கறுப்பாக இருப்பது நம்மில் பலருக்கும் இயல்பு. அதற்கு இரண்டு நிறம் கலந்து போடத் தெரிந்தவராக இருக்கட்டும். உங்களுக்குப் பொருந்துகிற ஷேடு அவர் பெட்டியில் இல்லையென்றால் நீங்கள் வழக்கமாகப் போடுவதையே எடுத்துப்போங்கள். கடைசியில் கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். கண்ணுக்குக் கீழே, மூக்கு நுனியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அது சிலிக்கா கலந்த பவுடர், அல்லது துத்தநாகம் கலந்த சன்ஸ்கிரீன். ஸ்டுடியோ ஃபிளாஷிலும் அப்படியேதான் விழும். துடைத்துவிட்டு வேறு போடவேண்டியதுதான்.

கறுப்பு மேனி படத்தில் சோபிக்காமல் போனால் பெரும்பாலும் குற்றவாளி வெளிச்சம்தான். வெளிர் மேனியில் நிழல் முகத்துக்கு வடிவம் தருகிறது. கறுப்பு மேனியில் மினுக்கம்தான் அந்த வேலையைச் செய்கிறது: கன்ன எலும்பின் மேல் ஒரு கீற்று, மூக்குத் தண்டில் ஒரு கோடு, தோளில் ஒரு வளைவு. அதற்குப் பக்கவாட்டிலிருந்து வரும் பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும். ஆகவே பவுடரைக் கொட்டி முகத்தை மட்டாக்கிவிடாதீர்கள். எண்ணெய் ஒற்றும் தாளால் வியர்வையை மட்டும் எடுத்தால் போதும். வெள்ளை உடை போட்டிருந்தால், தானியங்கி அளவீட்டில் கேமரா வெள்ளையைக் காப்பாற்றப்போய் முகத்தை இருட்டாக்கிவிடும். “முகத்தை வைத்து எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) எடுப்பீர்களா?” என்று புகைப்படக்காரரிடம் கேளுங்கள். கறுத்த முடியும் கறுத்த மேனியும் இருண்ட காட்டுக்கு முன்னால் நின்றால் ஓரம் கரைந்துபோகும். பின்னாலிருந்து முடியோரத்தில் ஒரு வெளிச்சம் விழ வேண்டும், இல்லையென்றால் பின்னணியில் கொஞ்சம் வானம் தெரிகிற இடமாகப் பார்க்க வேண்டும். காட்டில் இன்னொரு தொல்லை, இலைகளில் பட்டுத் திரும்பும் பச்சை வெளிச்சம் தாடைக்குக் கீழே ஏறும். நெஞ்சுயரத்தில் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டரைப் பிடித்தால் அது அடங்கிவிடும்.

இனி கதை. அதுவும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சில் கொண்டுவந்த கதையில், அரசி சன்னலோரம் உட்கார்ந்து தைக்கிறாள். சன்னல் சட்டம் கருங்காலி மரம். ஊசி குத்தி மூன்று துளி ரத்தம் பனியில் விழுகிறது. பனியைப் போல் வெள்ளை, ரத்தத்தைப் போல் சிவப்பு, இந்தச் சட்டத்து மரத்தைப் போல் கறுப்பு என்று ஒரு குழந்தையை வேண்டுகிறாள். எது எங்கே இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவேயில்லை. பிறந்த குழந்தைக்குத்தான், அதுவும் பிந்தைய பதிப்பில்தான், கறுப்பு முடிக்குப் போகிறது. புதிதாகச் சொல்லப்போகிறவர்கள் அந்த மூன்று நிறத்தையும் கலைத்து மறுபடி அடுக்கலாம். கருங்காலி உங்கள் மேனி. வெள்ளை, தலையில் மல்லிகைச் சரமாகவோ தரையில் அரிசி மாவாகவோ வரட்டும். சிவப்பு, ஒரு பட்டு நாடாவும் ஆப்பிளும். சட்டகத்தில் இந்த மூன்றைத் தவிர நாலாவது நிறம் வராமல் பார்த்துக்கொண்டால் பார்ப்பவருக்குத் தலைப்பே தேவைப்படாது. இந்த யோசனையைப் புகைப்படக்காரரிடம் வையுங்கள். கதையைப் படித்துவிட்டு வருகிற மாடலை நல்ல கலைஞர் யாரும் தட்டமாட்டார்.

நீல மேல்சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் சிவப்பு ரிப்பன் என்று உடை வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது 1937இல் வந்த டிஸ்னி படத்தின் தோற்றம். பழங்கதை எல்லோருக்கும் பொது, அந்தத் தோற்றம் பொது இல்லை. அதைவிட, அந்த உடையைப் பார்த்ததும் பார்ப்பவருக்குப் படம்தான் ஞாபகம் வரும், நீங்கள் தெரியமாட்டீர்கள்.

பலருக்கும் இந்தக் கதையில் ஆப்பிள் மட்டும்தான் நினைவிருக்கிறது. மாற்றாந்தாய் உண்மையில் மூன்று முறை வருகிறாள்: முதலில் இடுப்புச் சட்டைக்குப் பட்டு நாடா விற்பவளாக வந்து மூச்சு முட்ட இறுக்குகிறாள், பிறகு நஞ்சு தோய்த்த சீப்பு, மூன்றாவதாகத்தான் ஆப்பிள். மாடலுக்கு இது புதையல். மூன்று முறையும் ஒரு பெண் வீட்டுச் சாமானைக் கையில் வாங்குகிறாள். நாடா, சீப்பு, ஆப்பிள் என்று மூன்று படம் நன்றாக வந்தால் அந்த நாளுக்குப் போதும். பத்துப் பன்னிரண்டு காட்சி என்று அவர் பட்டியல் போட்டிருந்தால் ஐந்தாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு உடைமாற்றமும் முடி சரிசெய்வதோடு சேர்த்து 40 நிமிடம் தின்னும்.

நாடாப் படத்துக்குத்தான் கோர்செட் என்று நினைக்கிறேன். அந்த உடையைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. நம் ஊரில் காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும், பிற்பகலில் 31, 32 டிகிரி. இறுக்கிக் கட்டிய கோர்செட் விலாவை விரியவிடாது, மூச்சு மேல்நெஞ்சோடு நிற்கும், வியர்வை ஆவியாக வழியிருக்காது. போதாக்குறைக்கு மாடல் அசையாமல் நிற்க வேண்டும். முழங்காலைப் பூட்டினாற்போல் விறைத்து நின்றால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். அதனால் அளவு இதுதான்: கட்டி முடித்த பிறகு முதுகுப்பக்கம் இரண்டு விரல் நுழைய வேண்டும், வயிறு வரை ஒரு முழு மூச்சு இழுக்க முடிய வேண்டும். 20 நிமிடம் போட்டால் 10 நிமிடம் தளர்த்த வேண்டும். அந்த இடைவெளியில் அரை டம்ளர் தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உப்பு-சர்க்கரைக் கரைசல். ஸ்ட்ரா வைத்துக் குடித்தால் உதட்டுச் சாயம் போகாது. காதில் ரீங்காரம், கண் இருட்டு, வெயிலில் திடீரென்று மயிர்க்கூச்சு, இவற்றில் எது வந்தாலும் அந்த ஷாட்டை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நிற்காதீர்கள். உடனே நாடாவை அவிழ்த்து, படுத்து, காலை உயர்த்தி, பிடரியிலும் மணிக்கட்டிலும் குளிர்ந்த துணி வைக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

என் யோசனை, கோர்செட்டையே விட்டுவிடுங்கள். தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கும் கடைகள் இருக்கின்றன. வெள்ளைப் பருத்தியில், முதுகு திறந்து, இருபுறமும் எட்டெட்டு துளை வைத்து ஒரு ரவிக்கை தைக்கக் கொடுங்கள். துளைக்குத் துளை 2.5 சென்டிமீட்டர், இரு வரிசைக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி. குறுக்கும் மறுக்குமாகக் கோத்து, இரண்டு முனையும் முழம் நீளம் தொங்குவதற்கு 2 மீட்டர் சிவப்புப் பட்டு நாடா போதும்; 2.5 மீட்டராக வாங்கினால் முடிச்சுக்கு மிஞ்சும். சாட்டின் நாடா வழுக்கி அவிழும், பட்டு நிற்கும். இப்போது படத்தை யோசித்துப் பாருங்கள்: நீங்கள் கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறீர்கள். கறுத்த முதுகின் மேல் சிவப்பு நாடா குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. சட்டகத்தின் ஓரத்திலிருந்து முகம் தெரியாத இரண்டு கை அதன் முனைகளைப் பிடித்திருக்கிறது. உங்கள் முகம் பாதி திரும்பியிருக்கிறது, ஒரு கை தூணையோ மரத்தையோ பற்றியிருக்கிறது. இறுக்குவதாக நடித்தால் போதும். நாடா விறைப்பாகத் தெரிவதற்கு அதைப் பிடித்திருப்பவர் பின்னோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், அப்போது துணி விறைக்கும், விலா நெரியாது. நீங்கள் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு நின்றால் தோள்பட்டை எலும்பு தானாக எழுந்து வரும். முகத்தில் வலியைக் காட்ட மெனக்கெட வேண்டாம், முதுகே காட்டிவிடும்.

சீப்புக்கு மரச்சீப்பு. பிளாஸ்டிக் பளபளப்பு வெளிச்சத்தைத் தெறிக்கவிடும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முடியைப் படத்துக்கு முந்தின நாள் அலசுங்கள், அன்றைக்கே அலசினால் சீப்பு நிற்காமல் நழுவும்.

ஆப்பிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கதைப்படி அது ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. சிவப்புப் பாதியில் மட்டும்தான் நஞ்சு. மாற்றாந்தாய் இரண்டாக வெட்டி, வெள்ளைப் பாதியைத் தானே தின்று காட்டுகிறாள். அதனால் முழுக்கக் கருஞ்சிவப்பான ரகத்தை வாங்காமல், ஒரு கன்னம் வெளிர்ந்து ஒரு கன்னம் சிவந்த ஃபூஜி மாதிரி ரகத்தைப் பொறுக்குங்கள். ஆறு வாங்குங்கள். வெட்டிய ஆப்பிள் சில நிமிடங்களிலேயே பழுப்பேறத் தொடங்கும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் பழத்திலுள்ள என்சைமும் செய்கிற வேலை அது. ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, வெட்டிய உடனே முக்கி எடுத்தால் பழுப்பேறுவது வெகுவாகத் தாமதமாகும். பனித்துளி வேண்டுமென்றால் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளிக்கச் சொல்லுங்கள், வெறும் தண்ணீர் வழிந்துவிடும். ஆனால் கிளிசரின் தெளித்த பழத்தைக் கடிக்கக் கூடாது. கடிக்கிற பழம் வேறு, பிடிக்கிற பழம் வேறு என்று முதலிலேயே பிரித்து வையுங்கள்.

பிடிக்கும் விதம்: முதன்முதலாக நிற்பவர்கள் ஆப்பிளை உள்ளங்கையில் பொதிந்து கிரிக்கெட் பந்து மாதிரி பிடிப்பார்கள். படத்தில் விரல்முட்டிகள் மட்டும் புடைத்துத் தெரியும், பழம் காணாமல் போகும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியால் காம்புக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். மற்ற இரண்டு விரலும் தளர்ந்து மடியட்டும், விறைத்து நீட்டக் கூடாது. புறங்கையைக் கேமராவுக்குக் காட்டாமல் சுண்டுவிரல் பக்கத்தைக் காட்டுங்கள், கை ஒடுங்கி நீளமாகத் தெரியும். முழங்கை விலாவில் ஒட்டாமல் ஒரு முஷ்டி அளவு தள்ளி நிற்கட்டும். பழம் வாய்க்கு நேர் முன்னால் வந்தால் உதடு மறையும், தாடைக்குக் கொஞ்சம் கீழே, கேமராவுக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். அவர் 35 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்துக் கிட்ட வந்தால் முன்னால் நீட்டிய கை முகத்தைவிடப் பெரிதாகிவிடும். அப்போது கையை உடம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். 85 மில்லிமீட்டர் லென்ஸில் தள்ளி நின்று எடுத்தால் அந்தக் கவலை இல்லை.

எந்த நொடியை எடுப்பது? கடித்த பிறகு கதை முடிந்துபோகிறது. கடிப்பதற்கு முந்திய நொடியில்தான் பார்ப்பவர் மனம் பதறும். பழத்தைப் பார்க்காதீர்கள், அதைத் தருகிறவளைப் பாருங்கள். புகைப்படக்காரருக்குப் பக்கத்தில் யாராவது ஒருவரை நிற்கச் சொல்லி அவர் இடது கண்ணைப் பாருங்கள். ஒரு புள்ளி கிடைத்ததும் பார்வை நிலைக்கும். மனதுக்குள் ஒரு வாக்கியம் ஓடட்டும், ‘இவர் ஏன் இவ்வளவு அன்பாக இருக்கிறார்?’ என்பது போல. முகத்தில் எந்தத் தசையையும் நீங்கள் அசைக்க வேண்டியதில்லை, அந்த வாக்கியம் அசைக்கும். வாயைச் சற்றே திறந்து மூச்சு விடுங்கள், தாடை இறுக்கம் போய்விடும்.

மெக்ரிட்சியில் இந்த ஆப்பிளை எப்படி எடுத்துப்போகிறீர்கள் என்பது முக்கியம். அங்கே நீண்டவால் குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். மூடி போட்ட டப்பாவில் வைத்து முதுகுப்பையின் அடியில் போடுங்கள். குரங்கு வந்துவிட்டால் பழத்தைக் கொடுத்துத் தப்பிக்க நினைக்காதீர்கள், காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம். பழத்தை மறைத்து, கண்ணைப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். உண்மையைச் சொன்னால் ஆப்பிள் படத்தை ஸ்டுடியோவுக்கு மாற்றிவிட்டு, காட்டில் நாடாப் படத்தையும் ஓடிவரும் படத்தையும் எடுப்பதுதான் புத்தி. இயற்கை வனப்பகுதியில் பாதையை விட்டு இறங்கக் கூடாது, பூவோ இலையோ பறிக்கக் கூடாது. வணிக நோக்கத்தில் எடுப்பதென்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்குவது அவர் வேலை, ‘வாங்கிவிட்டீர்களா’ என்று கேட்பது உங்கள் வேலை. மரம் சூழ்ந்த பின்னணிதான் வேண்டும், காடுதான் வேண்டும் என்றில்லை என்றால் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் 1846இல் கட்டிய கோதிக் வாயில்கள் இருக்கின்றன. கூரிய வளைவும் வெள்ளைச் சுவருமாக இந்தக் கதைக்கென்றே கட்டி வைத்தது போலிருக்கும். உடை மாற்ற, ஒதுங்க, வசதியும் கிட்டத்தில் உண்டு. அங்கும் அனுமதி விஷயம் அதேதான். புகைக் குண்டு கொளுத்திப் பனிமூட்டம் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். இங்கே ஆபத்தான பட்டாசு வகைகளுக்கு 1972இலேயே சட்டம் போட்டுத் தடை வந்துவிட்டது.

நேரம்: சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு எழுகிறது. மரத்தடியில் ஏழே கால் வரை இருட்டுத்தான். ஏழரையிலிருந்து ஒன்பது வரை உங்களுக்குப் பொன்னான வேளை. ஒன்பதரைக்கு மேல் இலைகளுக்கிடையே வெயில் ஒழுகி முகத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும், அதற்குப் பிறகு எடுப்பது வீண். அப்படியானால் மேக்கப் ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டும். முதல் எம்ஆர்டி ரயில் அதற்கு உதவாது, வண்டிச் செலவு யாருடையது என்பதையும் பேசிவிடுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடிகாலையில் சுமத்ராவிலிருந்து பலத்த காற்றும் மழையும் வரக்கூடும். முந்தின இரவும் கிளம்பும் முன்னும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியைப் பாருங்கள். இடி கேட்டால் உலோக விளக்குக் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டுக் கூரைக்குள் போங்கள்.

கொசுவுக்கு மருந்து தடவாமல் போகாதீர்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் பகலில்தான் கடிக்கும். ஆனால் டீட் கலந்த மருந்து ரேயான், ஸ்பாண்டெக்ஸ் போன்ற துணிகளையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். வாடகை உடைக்கு அதுவே நஷ்ட ஈடாக வந்து சேரும். பிகாரிடின் கலந்ததை வாங்குங்கள். உடை போடுவதற்கு முன்பே காலிலும் கழுத்தின் பின்னாலும் தடவிக் காயவிடுங்கள். உள்ளங்கையில் வேண்டாம், அந்தக் கையில்தான் ஆப்பிள். காட்டுப் பாதையில் முசுறு எறும்பு மரத்திலிருந்து இறங்கிப் பாவாடை ஓரத்தில் ஏறும், சாய்ந்து நிற்கும் முன் மரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் ரப்பர் செருப்போடு நடந்துபோய், நிற்கும் இடத்தில் கழற்றுங்கள்.

ஸ்டுடியோவில் இரண்டு விஷயம். கண்ணாடிக் காட்சியில், உங்கள் பிம்பத்தின் கண்ணை நீங்களே பார்த்தால் படத்தில் பிம்பம் வேறெங்கோ பார்ப்பதாக விழும். கண்ணாடிக்குள் தெரியும் லென்ஸைப் பாருங்கள், அப்போது பிம்பத்தின் பார்வை படத்தைப் பார்ப்பவரைச் சந்திக்கும். கண்ணாடிப் பேழையில் படுக்கும் காட்சியில், கண்ணை இறுக்கி மூடினால் இமையோரம் சுருங்கும். தூக்கம் வருவது போல் தளர மூடி, மூடிய இமைக்குள் விழியைக் கீழ்நோக்கி இறக்குங்கள், துடிப்பு அடங்கும். பாதி மூச்சை விட்டுவிட்டு மூன்று எண்ணும்வரை நிறுத்துங்கள், நெஞ்சு அசையாது. கேமரா கால்மாட்டில் இருந்தால் மூக்குத்துவாரமும் தாடையும்தான் தெரியும், தலைமாட்டுப் பக்கம் போகச் சொல்லுங்கள். அக்ரிலிக் பலகையால் மூடுவதாக இருந்தால் முழுக்க மூட வேண்டாம், பக்கம் திறந்திருக்கட்டும். இன்னொன்று, கிரிமின் பிந்தைய பதிப்பில் அவள் முத்தத்தால் எழவில்லை. பேழையைத் தூக்கிப்போகிறவர்கள் இடறிக் குலுங்கியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துதான் எழுகிறாள். முத்தக் காட்சி உண்டு என்று யாராவது கடைசி நேரத்தில் சொன்னால், கதையிலேயே இல்லையே என்று சொல்லிவிடலாம்.

கதையில் அவளுக்கு இடம் கொடுக்கும் குள்ளர் எழுவருக்கு ஆள் தேட வேண்டாம், உயரம் குறைந்தவர்களை வேடிக்கைப் பொருளாக்கவும் வேண்டாம். கதையில் அவள் பசியோடு அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது ஏழு தட்டு இருக்கிறது. ஒருவருடையதை முழுக்கத் தின்றுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தின்கிறாள். ஏழு எவர்சில்வர் தட்டு, ஏழு டம்ளர், ஒவ்வொரு தட்டிலும் ஒரு கவளம் குறைந்த சோறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே எடுக்கலாம். அந்தத் தொகுப்பிலேயே நம்மவர் மனதில் நிற்கப்போவது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இனிக் காகிதம். பணமில்லாமல் படத்துக்காக நிற்பதை டிஎஃப்பி (டைம் ஃபார் பிரின்ட்ஸ்) என்பார்கள், தொடக்கத்தில் அதில் தவறில்லை. ஆனால் அவரவர் உழைப்பை அவரவர் போடுவதுதான் அதன் அடிப்படை. கற்பனை அவருடையது, உடை அந்தக் கற்பனைக்கானது. வாடகை 120 வெள்ளியை நீங்கள் போடுவது நியாயமில்லை. அவர் போடட்டும். நீங்கள் வைத்துக்கொள்ளப்போகும் ரவிக்கைக்கு வேண்டுமானால் நீங்கள் கொடுங்கள்.

2021 நவம்பர் 21 முதல் நடப்பிலிருக்கும் புதிய காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவரே. நீங்கள் அதில் இருப்பதால் படம் உங்களுடையது ஆகாது. நீங்கள் இன்ஸ்டகிராமில் போடும்போது அவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஆகவே உங்களுக்கு எது வேண்டுமோ அதை எழுத்தில் வாங்குங்கள், ஒரு பக்கம் போதும். சரிசெய்து முடித்த படங்கள் எத்தனை (எட்டுக்குக் குறையாமல் கேளுங்கள்), எத்தனை நாளில், நீள ஓரம் எத்தனை பிக்சலில் (3,000 கேட்டால் அச்சுக்கும் உதவும்). அவர் எங்கெல்லாம் பயன்படுத்துவார்: தன் தொகுப்பு, கண்காட்சி, போட்டி என்பவை சரி, விளம்பரத்துக்கோ படவங்கிக்கோ விற்பதென்றால் உங்களைக் கேட்டுப் பணம் தந்த பிறகுதான், செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சித் தரவாகக் கொடுக்கக் கூடாது. மேனி நிறத்தைக் கணினியில் வெளுக்கக் கூடாது என்ற வரியை மறக்காமல் சேருங்கள். மேக்கப்பில் தடுத்ததை எடிட்டிங்கில் விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு 18 வயது கடந்துவிட்டதால் உங்கள் கையெழுத்தே செல்லும், அதனாலேயே படித்துப் பார்த்துப் போடுங்கள். அங்கேயே வைத்து அவசரப்படுத்தினால் முந்தின நாளே அனுப்பச் சொல்லுங்கள். இதைப் படிக்கிறவர்களில் மாணவர் அனுமதியிலோ சார்ந்திருப்போர் அனுமதியிலோ இங்கிருப்பவர்கள், பணம் வாங்கும் படப்பிடிப்பு என்றால் முதலில் மனிதவள அமைச்சின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

அம்மாவின் பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது, கூடவே அழைத்துப் போங்கள். தண்ணீர், விசிறி, ஈரத்துணி, கைப்பேசி நான்கும் அவர் கையில் இருக்கட்டும். துணைக்கு ஆள் வரக் கூடாது என்கிற புகைப்படக்காரரிடம் போகவே வேண்டாம், எவ்வளவு நல்ல படம் எடுப்பவராக இருந்தாலும் சரி. அவருக்கு முன்பு மாடலாக நின்ற இரண்டு பெண்களிடம் நீங்களே பேசுங்கள். சொன்ன நேரத்துக்கு முடித்தாரா, உடையைச் சரிசெய்யும்போது கேட்டுவிட்டுத் தொட்டாரா, படங்களைத் தந்தாரா, இந்த மூன்றைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

இன்று இரவே அவருக்கு இதை அனுப்புங்கள், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “வணக்கம் சார். படப்பிடிப்புக்கு வர எனக்கு விருப்பம். அம்மா கூட வருவார். மெக்ரிட்சிக்கு அனுமதி வாங்கியாயிற்றா? மழை வந்தால் மாற்றுத் தேதி எது? கோர்செட்டுக்குப் பதில் நாடா வைத்த ரவிக்கை பற்றி ஒரு யோசனை இருக்கிறது, பேசலாமா? கோர்செட்தான் வேண்டுமென்றால் வாடகை உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். பட உரிமைக் காகிதத்தை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.” மேக்கப் அக்காவுக்குத் தனியாக ஒன்று: “அக்கா, என் நிறத்திலேயே போடுங்கள். என் ஃபவுண்டேஷனை நானே கொண்டுவருகிறேன்.”